எதிர்ப்படமும் அதன் பிரதியும்

புகாராவின் கடைசி அமீர் ஸையித் ஆலிம் கான் 1944 ஆம் ஆண்டில் காபூல் நகரில், நாடிழந்தவராகக் காலமானார். அதே ஆண்டில் பாரிஸ் நகரில், அவரைப் போன்றே தாயகம் துறந்திருந்த ருஷ்யர் ஒருவரும் மறைந்தார். செர்கேய் புரொகூதின்-கோர்ஸ்கி என்பது அவர் பெயர். இவ்விருவரும் 1911 ஆம் ஆண்டில் எதிரெதிரே அமர்ந்ததுண்டு. ஒருவர் பூவேலை செய்த நீலப்பட்டு அங்கி அணிந்து, வாளைப் பற்றிய வண்ணம் நாற்காலியில் வீற்றிருந்தார். மற்றவர் காமிராவின் பின்னே நின்றார். 1920 செப்டம்பரில் செஞ்சேனை புகாராவைத் தாக்கியபோது அமீரின் ஆட்சி முடிந்தது. அதற்கு முன்பே, 1918 இல், புகைப்படக்காரரும் ருஷ்யாவை விட்டு வெளியேறியிருந்தார். அரசும் போயிற்று, அரசனும் போனான், படமெடுத்தவரும் போனார். எஞ்சியிருப்பது ஒரு கண்ணாடித் தகடு.

அத்தகட்டைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அமீர் தெரியமாட்டார். கரிய முகமும், வெளிறிய நிழலும், புரண்டுபோன ஒளியுமே தென்படும். எதிர்ப்படம் என்னும் நெகட்டிவின் இயல்பு இது. அது தானாகப் பேசாது. அதைப் பெயர்த்தெழுதும் கை ஒன்று வேண்டும். முற்காலத்தில் அந்தக் கை இருட்டறையும் அச்சுத்தாளுமாக இருந்தது. இக்காலத்தில் இரண்டு கருவிகள் அப்பணிக்கு முன்வந்து நிற்கின்றன. ஒன்று பிலிம் ஸ்கேனர். மற்றொன்று, நெகட்டிவையே மீண்டும் படம்பிடிக்கும் டிஜிட்டல் காமிரா. இவற்றுள் எது நம்பத்தக்க பிரதியைத் தரும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. விடை காண, இவ்விரண்டும் வந்த வழியைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

எதிர்ப்படத்தின் பிறப்பு

சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சிறு துளை வழியே சென்று எவ்வாறு விழுகிறது என்பதை இப்னுல் ஹைதம் ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அவர் வாழ்ந்தது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிலும். படத்தை விழச் செய்யும் வழி அவ்வளவு பழமையானது. விழுந்த படத்தை நிறுத்தி வைக்கும் வழி பிறக்கவோ, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் லேகாக் என்னும் ஊரில் தம் இல்லத்துப் பலகணியை வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் காகிதத்தில் பதிவு செய்தார். இன்று எஞ்சியுள்ள நெகட்டிவுகளுள் மிகப் பழையது அதுவே. ஓர் அங்குல அளவே உள்ள அச்சிறு காகிதத்தில், பலகணியின் கண்ணாடிச் சதுரங்கள் சுமார் 200 இருப்பதை உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று அவரே குறித்து வைத்தார். நெகட்டிவ், பாசிட்டிவ் என்னும் பெயர்களைப் புகைப்படக் கலைக்கு 1840 இல் வழங்கியவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். 1839 இல் பிரான்சில் அறிவிக்கப்பட்ட டகேரின் முறையில் ஒரு படம் ஒரு படமாகவே நின்றது. அதிலிருந்து பிரதி பிறக்கவில்லை. டால்பட்டின் முறையிலோ, ஒரு மூலத்திலிருந்து வேண்டும் மட்டும் பிரதிகள் பிறந்தன. மூலம், பிரதி என்னும் உறவு புகைப்படத்துக்குள் நுழைந்தது அன்றுதான்.

1851 இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். தகடு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும் என்னும் இடர்ப்பாடு அதில் இருந்தது. 1871 இல் ரிச்சர்டு லீச் மேடக்ஸ் ஜெலட்டினைக் கொண்டு உலர்தகட்டுக்கு வழி காட்டினார். 1889 இல் ஈஸ்ட்மன் நிறுவனம் ஒளிபுகும் செல்லுலாய்டு பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தகடு சுருளாயிற்று, படமெடுப்பது எளிதாயிற்று, அழிவும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

அழிவின் அவசரம்

செல்லுலாய்டு என்பது நைட்ரேட் கலந்த பொருள். தீப்பற்றினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும், நீரூற்றினாலும் அடங்காது. கோடக் நிறுவனம் 1951 அளவில் அதன் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் பிலிமுக்கு ‘பாதுகாப்பு பிலிம்’ என்றே பெயர் வைத்தார்கள். அது எரியவில்லை; ஆனால் புளித்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, வெளிவிடுகிறது. வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. பிலிம் சுருங்கும், ஜெலட்டின் படலம் அதனுடன் சேர்ந்து சுருங்க முடியாமல் வாய்க்கால் வாய்க்காலாக மடிந்து எழும். ஒரு பெட்டியைத் திறந்தவுடன் ஊறுகாய்ப் பானையைத் திறந்தாற்போல் புளிப்பு வாடை வீசினால், அந்நெகட்டிவுகள் சாகத் தொடங்கிவிட்டன என்று அறிந்துகொள்ளலாம். அந்த நோயைக் குளிர் தாமதப்படுத்தும், குணப்படுத்தாது.

வண்ண பிலிமுக்கு வேறொரு குறை உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது; வண்ணப் படமோ சாயத்தால் ஆனது. பெட்டிக்குள் இருட்டிலே வைத்திருந்தாலும் சாயங்கள் மங்கும். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதும் இல்லை. ஆகவே, பெயர்த்தெழுதும் வேலையை எவ்வளவு காலமும் ஒத்திப்போடலாம் என்று எண்ண இடமில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளை எண்ணி வருந்தும் தமிழர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கேனரின் வரலாறு

1957 இல் அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிலையத்தில் ரஸல் கிர்ஷ் என்பவர், தம் மூன்று மாதக் குழந்தையின் படத்தைச் சுழலும் உருளையொன்றில் ஒட்டி, அதன் ஒளிநிழலைப் புள்ளி புள்ளியாக அளந்து கணிப்பொறிக்குள் செலுத்தினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரமான அப்படம் 176 வரிசையும், வரிசைக்கு 176 புள்ளியுமாக மாறியது. மொத்தம் 30,976 புள்ளிகள். டிஜிட்டல் படங்களின் மூதாதை இதுவே. அச்சகங்கள் பிற்காலத்தில் பயன்படுத்திய உருளை ஸ்கேனர்கள் இதே நெறியில் வந்தவை. நுட்பத்தில் அவற்றுக்கு ஈடு அரிது. எனினும் நெகட்டிவை உருளையில் வளைத்துப் பொருத்த வேண்டும் என்பதால் கண்ணாடித் தகட்டுக்கு அவை ஆகா.

1969 இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சி.சி.டி. என்னும் உணரியைக் கண்டனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009 இல், அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். இவ்வுணரிகளை ஒற்றை வரிசையாக அமைத்து, நெகட்டிவை அதன் முன் இம்மி இம்மியாக நகர்த்தினால் படம் வரிவரியாகப் படிக்கப்படும். மேசை மீது வைக்கத்தக்க பிலிம் ஸ்கேனரின் உள்ளமைப்பு இதுதான்.

இவ்வகையில் பெயர்பெற்றவை நிக்கான் நிறுவனத்தின் கூல்ஸ்கேன் வரிசையும், மினோல்ட்டாவின் டைமேஜ் வரிசையும் ஆகும். கூல்ஸ்கேன் 5000 அங்குலத்துக்கு 4000 புள்ளி படித்தது. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கட்டம் அதில் சுமார் 2 கோடியே 14 லட்சம் புள்ளிகளாக விரியும். மினோல்ட்டாவின் கருவியொன்று 5400 புள்ளி படித்தது; அதில் கட்டத்துக்குச் சுமார் 3 கோடியே 90 லட்சம் புள்ளிகள் கிடைத்தன.

இக்கருவிகளுக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் இவை உண்மையாகவே அளக்கின்றன. இரண்டாவது, அகச்சிவப்பு ஒளியின் துணை. வண்ண பிலிமின் சாயங்கள் வழியே அகச்சிவப்பு தடையின்றிச் செல்லும். தூசியும் கீறலும் அதை மறிக்கும். ஆகவே அகச்சிவப்பில் ஒருமுறை படித்தால், படமே இல்லாத, மாசு மட்டுமே உள்ள ஒரு வரைபடம் கிடைக்கிறது. அதைக் கொண்டு மாசைக் களைவது எளிது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகளும் அகச்சிவப்பை மறிப்பதால், அங்கே இக்கருவிக்கு மாசும் படமும் ஒன்றாகவே தோன்றும். அம்முறை அங்கு பயன்படாது.

இத்தனை சிறப்பிருந்தும் என்ன நேர்ந்தது? பிலிம் வாங்குவோர் குறைந்தனர். 2006 இல் கோனிகா மினோல்ட்டா புகைப்படத் தொழிலை விட்டே விலகியது. அடுத்த சில ஆண்டுகளில் நிக்கானும் கூல்ஸ்கேன் உற்பத்தியைக் கைவிட்டது. இன்று அவை பழைய பொருளாகவே கைமாறுகின்றன. உதிரி உறுப்பும், புதிய கணிப்பொறிக்கு ஏற்ற மென்பொருளும் அருகிவிட்டன. புதிதாக விற்கப்படும் ஸ்கேனர்கள் சில உண்டு. ஆயினும் முன்னைய ஓட்டப்பந்தயம் ஓய்ந்துவிட்டது. மூலத்தைக் காக்கும் கருவியே மூலத்துக்கு முன் மூப்படைந்த நிலை இது.

காமிராவின் வழி

இதற்கிடையில் காமிரா வளர்ந்தது. 2 கோடியே 40 லட்சம் புள்ளி தரும் காமிராக்கள் சாதாரணமாயின. 2017 இல் வெளிவந்த நிக்கான் டி850 காமிரா 4 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தந்தது. நெகட்டிவைப் பின்னிருந்து ஒளியூட்டி, அண்மைப் பொருளைப் படம்பிடிக்கும் மேக்ரோ லென்ஸ் வழியே மீண்டும் படமெடுத்தால் என்ன என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஸ்கேனர் ஒரு கட்டத்தைப் படிக்க நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். காமிராவுக்கு ஒரு நொடியின் சிறு பகுதி போதும். ஆயிரக்கணக்கான நெகட்டிவுகளைக் காக்கும் ஆவணக்காப்பகத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. காமிரா பழுதானால் வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதும் ஒரு நன்மை.

ஆனால் இங்கே துல்லியம் கருவிக்குள் அடங்கியிருக்கவில்லை. செய்பவர் கையில் இருக்கிறது. காமிராவும் நெகட்டிவும் மயிரிழையும் சாயாமல் இணையாக நிற்க வேண்டும். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பது இதற்குரிய எளிய சோதனை. பிலிம் வளையாதிருக்கப் பிடிப்பான் வேண்டும். சுற்றிலும் கசியும் ஒளியை மறைக்க வேண்டும். விளக்கின் ஒளி எல்லா நிறங்களையும் குறைவின்றிக் கொண்டதாக இருக்க வேண்டும். தாங்கி அசையலாகாது.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கோடக் ஆய்வாளர் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பையே பெரும்பாலான காமிராக்கள் பின்பற்றுகின்றன. அதன்படி உணரியின் பாதிப் புள்ளிகள் பச்சையை மட்டும் அளக்கும், கால்பங்கு சிவப்பை, கால்பங்கு நீலத்தை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு காமிரா கணித்துக்கொள்கிறது. ஆக, காமிராவின் 2 கோடியே 40 லட்சமும் ஸ்கேனரின் 2 கோடியே 14 லட்சமும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. வண்ண நெகட்டிவின் மேல் படர்ந்திருக்கும் செம்மஞ்சள் நிறமும் ஓர் இடையூறு. சாயங்களின் குறையை ஈடுசெய்ய வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது அது. படத்தை நேராக்கும்போது அதைக் கழிக்க வேண்டும். கழிக்கும் அளவு தவறினால் மாந்தர் முகம் பச்சை பூத்துவிடும்.

நிறமற்ற வெள்ளித் துகள் படத்தில் இச்சிக்கல் பெரும்பாலும் இல்லை. அங்கே வேறொன்று காமிராவுக்குத் துணை செய்கிறது. ஒளி ஒரே திசையில் கூர்மையாகப் பாய்ந்தால் வெள்ளித் துகள் அதைச் சிதறடிக்கும். அதனால் ஒளிநிழல் வேறுபாடு மிகும். கீறலும் துகளும் துருத்திக்கொண்டு தெரியும். 1909 இல் ஆந்த்ரே காலியே ஆராய்ந்து காட்டியதால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஸ்கேனர்கள் பலவற்றில் ஒளி இவ்வாறு கூர்மையானது. காமிரா முறையிலோ, பால்போன்ற பரவலொளியை நாம் தேர்ந்துகொள்ளலாம், கீறல்கள் தணியும்.

புகாரா தகடுகள் தரும் பாடம்

இனி புரொகூதின்-கோர்ஸ்கியின் தகடுகளுக்குத் திரும்புவோம். அவர் 1909 முதல் 1915 வரை ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலஸின் ஆதரவுடன், இருட்டறை அமைந்த இரயில் பெட்டியில் ருஷ்யப் பேரரசு முழுவதும் சுற்றினார். சமர்க்கந்தின் ரிகிஸ்தான் சதுக்கம், ஷேர்தார் மதரஸா, ஷாஹி ஸிந்தா, தைமூர் அடங்கியுள்ள கோரே அமீர் ஆகியவற்றை அவர் தகடுகளில் காணலாம். ஷேர்தார் மதரஸா 1619 முதல் 1636 வரை கட்டப்பட்டது. சோவியத் காலத்துப் புதுப்பிப்புகளுக்கு முன் இக்கட்டடங்கள் எந்நிலையில் இருந்தன, எந்த ஓடு உதிர்ந்திருந்தது, எந்தக் கல்வெட்டு வரி சிதைந்திருந்தது என்று அறிய விரும்புவோர்க்கு இத்தகடுகள் கண்கண்ட சாட்சிகள். இங்கே பிரதி பிசகினால் வரலாறே பிசகும்.

தகடு ஒவ்வொன்றும் சுமார் 9 அங்குல உயரமும் 3 அங்குல அகலமும் உடையது. ஒரே காட்சி அதில் மூன்று முறை, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிந்திருக்கும். நீலம், பச்சை, சிவப்பு ஆகிய வண்ணக் கண்ணாடிகள் வழியே அடுத்தடுத்து எடுத்தவை அவை. தகட்டில் நிறமே கிடையாது. வெறும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் அமீரின் நீல அங்கி, நேராக்கிய நீலப் பதிவில் வெளிறியும், சிவப்புப் பதிவில் இருண்டும் தோன்றும். மூன்றையும் அந்தந்த நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித் திரையில் வீழ்த்தினால் நிறம் உயிர்பெறும்.

வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் 1,902 தகடுகளை 1948 இல் அவர் வாரிசுகளிடமிருந்து வாங்கியது. 2000 ஆம் ஆண்டில் அவை டிஜிட்டல் பிரதிகளாயின. 2001 இல் நூலகம் நடத்திய கண்காட்சிக்காக வால்ட்டர் ஃபிராங்க்ஹவுஸர் என்னும் புகைப்படக் கலைஞர் தேர்ந்த சிலவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தி, நிறமும் திருத்தி அமைத்தார். 2004 இல் பிளேஸ் அகேரா ஈ ஆர்காஸ் என்னும் கணிப்பொறி அறிஞர் 1,902 தகடுகளையும் கணிப்பொறியே பொருத்திக்கொள்ளும் வழிமுறையை வகுத்தார்.

இத்தகைய தகட்டுக்கு நம் இரு கருவிகளில் எது பொருந்தும்? 35 மில்லிமீட்டர் பிலிமுக்கென்று செய்த ஸ்கேனரில் இது நுழையவே நுழையாது. படுக்கைவாட்டு ஸ்கேனர் உண்டு. தகட்டை அதன் கண்ணாடி மேல் கிடத்தி, விரிசல் இருந்தால் அஞ்சி அஞ்சி இயக்க வேண்டும். காமிரா தகட்டைத் தொடுவதில்லை. ஆனால் 8256 புள்ளி நீளமுள்ள உணரியில் முழுத் தகட்டையும் ஒரே எடுப்பில் அடக்கினால், அங்குலத்துக்குச் சுமார் 900 புள்ளிகளே கிடைக்கும். பகுதி பகுதியாக எடுத்து இணைத்தால் புள்ளி மிகும். அதே வேளையில், லென்ஸின் ஓரங்களில் நேர்க்கோடு சற்றே வளையுமாயின், மூன்று பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விளிம்பில் வண்ணக்கோடு படரும். ஆகவே லென்ஸின் கோணலை முன்னரே அளந்து கழித்தாக வேண்டும். இத்தகைய அளவுகளுக்கென்றே அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்கள் 2010 இல் பொதுநெறிகளை வெளியிட்டு, 2016 இலும் 2023 இலும் திருத்தின. கருவியின் பெயரைக் கேளாது, அது தந்த பிரதியை அளவுகோலிட்டுச் சோதிப்பது அந்நெறிகளின் அடிப்படை.

முகாபலா

அரபு ஏடுகளைப் பெயர்த்தெழுதியோர் ‘முகாபலா’ என்றொரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். எழுதி முடித்த நுஸ்காவை அஸ்லுடன், அதாவது மூலத்துடன், வரிக்கு வரி வைத்து ஒப்பிடுவர். எதுவரை ஒப்பிட்டாயிற்று என்பதற்கு ஓரத்தில் அடையாளம் இடுவர். மூலத்தில் பிழையென்று தோன்றினாலும் அதைத் தாமே மாற்றாது, உள்ளவாறு எழுதித் தம் கருத்தை ஓரத்தில் குறிப்பதே ஆசிரியர் பலர் மேற்கொண்ட நெறி. திருத்துவோன் அறிவாளியாக இருக்கலாம். அவன் திருத்திய பின் மூலம் என்ன சொன்னது என்று அறிவது எங்ஙனம்?

நெகட்டிவைப் பெயர்ப்பவருக்கும் இந்நெறி பொருந்தும். மாசு நீக்கும் மென்பொருள், கீறலென்று எண்ணி ஒரு கம்பியை அழிக்கலாம். தூசியென்று எண்ணி வானத்துப் பறவையைத் துடைக்கலாம். புரொகூதின்-கோர்ஸ்கியின் படங்களில் ஓடும் நீரின் மேல் சிவப்பும் பச்சையுமாக வரிகள் தெரியும். மூன்று பதிவுகளுக்கும் இடையே நீர் நகர்ந்துவிட்டதே காரணம். அதைக் குறையென்று கருதி அழகுபடுத்துவோர் உண்டு. ஆனால் அவ்வரிகள்தாம், படம் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டதன்று என்பதற்கு எஞ்சிய சான்று. காங்கிரஸ் நூலகம் அழகுபடுத்திய படங்களை மட்டும் வெளியிடாமல், மூன்று பதிவும் உள்ள கறுப்பு வெள்ளைத் தகட்டின் பிரதியையும் எவரும் எடுத்துக்கொள்ளுமாறு திறந்து வைத்தது. அதனாலன்றோ, ஃபிராங்க்ஹவுஸரின் நிறத்தை ஏற்காதவர் தாமே பொருத்திப் பார்க்க முடிகிறது.

ஆகவே நம் முடிபு இது. 35 மில்லிமீட்டர் வண்ண நெகட்டிவுகள் கீறலும் தூசியுமாக இருந்து, நன்கு இயங்கும் பழைய ஸ்கேனரும் கைவசம் இருக்குமாயின், அதை விட்டுவிடலாகாது. கறுப்பு வெள்ளை, கண்ணாடித் தகடு, பெரிய அளவு, பெருந்தொகை ஆகியவற்றுக்குக் காமிராவே ஏற்றது. ஆனால் பொறுமையும் நேர்த்தியும் உள்ளவர் கையில். எந்த வழியாயினும், திருத்தாத முதற்பிரதி ஒன்றைத் தனியே காக்க வேண்டும். திருத்தியதை வேறாக வைக்க வேண்டும். எந்தக் கருவியால், எந்த ஒளியில், எந்நாளில் எடுத்தோம் என்பதை உடன் எழுதி வைக்க வேண்டும். பிரதி வந்துவிட்டது என்று மூலத்தை எறிந்துவிடலாகாது. டால்பட்டின் காகிதத்தையும் புகாராவின் தகட்டையும் எடுத்தவர்கள் இன்றைய கருவிகளைக் கனவிலும் கண்டதில்லை. நாளை வரும் கருவி எதுவென்று நாமும் அறியோம். அது படிப்பதற்கு மூலம் இருக்க வேண்டும்.

நம் இல்லங்களிலும், பழைய பள்ளிக்கூடங்களிலும், தொழிலை மூடிவிட்ட ஸ்டூடியோக்களின் பரணிலும் நெகட்டிவுப் பெட்டிகள் கிடக்கின்றன. முதலில் அவற்றைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடை வீசுபவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்தே பணியைத் தொடங்குங்கள்.